பெனிட்டாவின் எடைக்கு நெல்

வெள்ளிக்கிழமை, காலை

எழும்பூரில் ரயில் நகர்ந்து தாம்பரம் தாண்டும்வரை என் மகள் பெனிட்டா பொறுத்திருந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"அப்பா, இப்பவாவது சொல்லுங்க. திடீர்னு எல்லாரும் சேர்ந்து எதுக்கு மாமா ஊருக்குப் போறோம்?"

"தோத்திரப் பண்டிகைக்கும்மா."

"அது வருஷா வருஷம்தான் நடக்குது. நாம ஒரு தடவைகூடப் போனதில்லையே."

என் மனைவி ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'நீங்களா மாட்டிக்கிட்டீங்க, நீங்களே சமாளிங்க' என்று அதற்கு அர்த்தம்.

பிள்ளைகளே, நான் அம்பத்தூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். என் வேனில் வரும் நீங்கள் எல்லாரும் "அங்கிள், லீவு போட்டுட்டு எங்க போனீங்க?" என்று திங்கட்கிழமை என்னைக் குடைந்தெடுத்துவிட்டீர்கள். ஓட்டிக்கொண்டே கதை சொன்னால் வண்டி எதன்மேலாவது ஏறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு பேர் போனோம். நான், ஸ்டெல்லா, பெனிட்டா, ஒன்பதாவது படிக்கும் மகன் ஆல்வின். பெனிட்டாவுக்கு இருபத்தொரு வயது. டிப்ளமா முடித்து, புனேயில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும்.

நாங்கள் போன ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கும் தென்கரைச்சேத்தி. அதுதான் ஸ்டெல்லா பிறந்த ஊர். மே மாதம் பள்ளிக்கூடம் மூடினால்தான் எனக்கு லீவு என்பதால் எப்போதும் மே மாதத்தில்தான் போவோம். அப்போது வயலெல்லாம் வெடித்துப்போய், மாடு மேயும் பொட்டல் மாதிரி கிடக்கும். நெல் விளைகிற ஊரில் பெண் எடுத்து இத்தனை வருஷமாகியும் நெல் நிற்கிற வயலை நான் பார்த்ததே இல்லை. சாப்பிடுவது மட்டும் மூன்று வேளையும் சோறு.

சிதம்பரத்தில் டீயும் மசால் வடையும் வாங்கினோம். டீ பத்து ரூபாய், வடை பத்து ரூபாய். அதைத் தாண்டினால் கொள்ளிடம் பாலம். ரயில் அதில் போகும்போது சத்தமே மாறிவிடுகிறது. கீழே எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் தண்ணீர், மற்றபடி கண்ணுக்கெட்டிய வரை மணல். பாலம் முடிந்ததும் நெல் வயல்கள் ஆரம்பமாகிவிட்டன. சீர்காழி வரும்வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பச்சை இல்லை, பழுத்த வைக்கோல் நிறம். கதிர் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சீவிவிட்ட தலை மாதிரி இருந்தது.

சீர்காழியில் ரயில் நின்றபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

"நீ பிறந்தப்போ ஒரு பொருத்தனை பண்ணினேம்மா. நீ வளர்ந்து முடிச்சதும், உன் எடைக்கு எடை நெல்லு கோயிலுக்குக் கொடுக்கறதா."

பொருத்தனை என்றால் கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு. கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தை. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அறுவடை ஆனதும் விளைந்ததில் ஒரு பங்கை அங்கே கொண்டுபோய் வைத்து நன்றி சொல்கிற நாள்தான் தோத்திரப் பண்டிகை.

"சரி, கொடுங்க," என்றாள் பெனிட்டா. "அதுக்கு நான் எதுக்கு?"

"உன்னைத் தராசுல உட்கார வைக்கணுமே."

ஆல்வினுக்கு வடை தொண்டையில் மாட்டிக்கொண்டது. இருமி முடித்து, "அக்கா எடைக்கா? அப்பா, அந்த ஊர்ல அவ்வளவு நெல்லு விளையுதா?" என்றான். முதுகில் ஒரு அடி விழுந்தது.

"எல்லார் முன்னாடியுமா?" என்று கேட்டாள் பெனிட்டா.

"கோயில் வாசல்ல."

"மைக் இருக்குமா?"

"மைக் இல்லாம எந்த ஊர்லடி பண்டிகை நடக்குது?" என்றாள் ஸ்டெல்லா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

"'அம்பத்தூரிலிருந்து வந்திருக்கும் சகோதரி பெனிட்டா, எடை அறுபத்து...' ஐயோ வேண்டாம்பா. நான் என்ன மூட்டையா? கைக்குழந்தையா? நான் உட்கார மாட்டேன்."

அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கும்பகோணம் தாண்டும்வரை அதைக் கழற்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. அதை விட்டால் அடுத்த அறுவடைக்குத்தான். அப்போது அவள் புனேயில் இருப்பாள். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை இழுத்துக்கொண்டே போக முடியாது. மாட்டேன் என்கிற பிள்ளையைத் தூக்கித் தராசில் வைக்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை, மதியம்

தஞ்சாவூரில் இறங்கினோம். பஸ் ஏறுவதற்கு முன் எனக்கு ஒரு இடம் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய கோயில் என்று நினைப்பீர்கள். அதன் கோபுரத்தை ஆட்டோவில் போகும்போதே பார்த்தாயிற்று. நான் போனது பெனிட்டா பிறந்த ஆஸ்பத்திரிக்கு.

தலைப்பிரசவத்துக்கு ஸ்டெல்லா அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக வண்டி வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தார்கள். நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் அதிகம். தொட விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வராண்டாவை என் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று போனால், அங்கே வேறு கட்டடம் நிற்கிறது. வாசலில் இருந்த செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"யாரையும் இல்லங்க. இந்தப் பொண்ணு இங்கதான் குறைமாசத்துல பிறந்தா. சும்மா காட்டிட்டுப் போலாம்னு."

அவர் பெனிட்டாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நல்லாத்தான் தேத்திட்டீங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, ஆம்புலன்ஸ் வருது."

ஆல்வின் சிரித்த சிரிப்பில் பெனிட்டாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தராசு விஷயத்தில் இறங்கி வரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு ஏறக்குறைய முப்பத்தேழு கிலோமீட்டர். வழியில் எத்தனை பாலம்! பெரிசும் சிறிசுமாக ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. என் பக்கத்தில் உரமூட்டைக்கு மேல் காலை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, இதுல எது காவிரி?" என்று கேட்டேன்.

"எல்லாம் காவிரித் தண்ணிதான். பேருதான் வேற. இது வடவாறு. மன்னார்குடியில பாத்தீங்கன்னா பாமணி. திருத்துறைப்பூண்டிக்கிட்ட முள்ளியாறு. ஒரு அம்மாவுக்குப் பத்துப் பிள்ளை பிறந்தா பத்துப் பேரு வைக்கமாட்டாங்களா?"

"தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கே?"

"மேட்டூர் மூடியாச்சுங்க. இப்பத் தண்ணி விட்டாத்தான் எங்களுக்குக் கஷ்டம். அறுப்புக்குக் காய வேணாமா?"

தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிற விவசாயியை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ரோட்டில் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க நெல்லைப் பரப்பிக் காயப்போட்டு, ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்திருக்கிறார்கள். டிரைவர் ஹாரன்கூட அடிக்காமல் மற்றப் பாதியில் போகிறார். எதிரே வருகிற வண்டியும் ஒதுங்கி நின்று வழி விடுகிறது. நானும் டிரைவர்தானே, ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பக்கம் ரோட்டில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தினாலே ஊர் ரெண்டாகிவிடும்.

மன்னார்குடியில் இன்னொரு பஸ், இருபத்தெட்டு கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டியில் இறங்கி டவுன் பஸ். அதில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஸ்டெல்லாவும் பெனிட்டாவும் கம்பீரமாக ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். "அம்மா பிறந்த ஊர்னு உனக்கு மட்டும் ஃப்ரீயா?" என்று ஆல்வின் அக்காவிடம் புலம்பிக்கொண்டே வந்தான்.

சனிக்கிழமை

ஸ்டெல்லாவின் அண்ணன் இன்பராஜ் எனக்கு மச்சான். அவருடைய அப்பா காலத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கூலி வேலை மட்டும்தான். இப்போது மச்சானுக்கு ஆறு மா சொந்த நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அதோடு கொஞ்சம் குத்தகை. பெரிய மகன் நாகப்பட்டினத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறான். மச்சான் அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தாமல் பேசமாட்டார்.

"என்ன மாப்பிள, ஒரு வழியா பொண்ணு வளந்துட்டான்னு முடிவு பண்ணிட்டீங்களா? வருஷா வருஷம் தை பிறந்தா நானும் ஃபோன் போடுறேன். 'இந்த வருஷம் வேணாம் மச்சான், பத்தாவது முடிக்கட்டும்.' 'பன்னெண்டாவது முடிக்கட்டும்.' 'காலேஜ் முடிக்கட்டும்.' அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்தப்புறம்தான் வருவீங்கன்னு நெனச்சேன்."

"அவ உட்கார மாட்டேங்கறா மச்சான்," என்றேன் மெல்ல.

"அது உங்களுக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு. நெல்லு ரெடியா இருக்கு. எனக்கு வயல்ல வேலை இருக்கு."

அவர் கிளம்பினார். நானும் பிள்ளைகளும் பின்னாலேயே போனோம். அறுப்பு மெஷின் வயலுக்குள் இறங்கியிருந்தது. முன்பக்கம் கதிரை வாரி உள்ளே இழுத்துக்கொள்கிறது. பின்பக்கம் வைக்கோலைத் துப்புகிறது. நெல் மட்டும் அதன் வயிற்றில் சேர்கிறது. ஒரு வயலை அது முடிப்பதற்குள் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு வரிசைகூட நகர்ந்திருக்காது. ஆல்வின் வரப்பிலேயே அதோடு கூடக் கூட ஓடினான்.

அறுத்த இடத்தில் குனிந்து பார்த்தேன். வைக்கோல் தாளுக்கு நடுவே, வெளுத்த பச்சையில் சின்னச் சின்னச் செடிகள்.

"இது என்ன மச்சான், களையா?"

"உளுந்து. நெல்லு நிக்கும்போதே உள்ளே விதைச்சிடுவோம். ஈரம் இருக்கும்போதே முளைச்சிடும். நெல்லை அறுத்தாத்தான் அதுக்கு வெயிலு."

"மெஷின் மிதிக்குதே?"

"மிதிக்கும். ரெண்டு நாள்ல எழுந்துக்கும். நாம கவலைப்படுற அளவுக்கு அது கவலைப்படறதில்ல."

மச்சான் மெஷின்காரரிடம் போய்விட்டார். பெனிட்டா என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி ஈர மண்ணில் கால் வைத்தாள். "என்கிட்ட ஏம்பா சொல்லவே இல்லை?" என்று கேட்டாள்.

"எதை?"

"இந்தப் பொருத்தனையை. இருபத்தோரு வருஷமா மாமாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் ரயில்ல தெரியணுமா?"

கேட்டது நியாயம்தான். சொல்ல ஆரம்பித்தேன்.

"நீ கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தப்போ மாமா வந்தாரு. 'எங்க கோயில்ல பிள்ளை எடைக்கு நெல்லு கொடுக்கற வழக்கம் உண்டு மாப்பிள. வர்ற ஞாயித்துக்கிழமையே கொடுத்துடலாம். ஒரு படி நெல்லு போதும்'னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. எனக்கு மட்டும் சுருக்குன்னுச்சு. ஒரு படியைக் கொண்டுபோய் வச்சுட்டா, 'ஆண்டவரே, இவ்வளவுதான் கொடுத்தீரு, நானும் இவ்வளவுதான் கொடுக்கறேன், கணக்கு முடிஞ்சுது'ன்னு நானே சொல்ற மாதிரி. அதனால, 'ஒரு படி வேணாம் மச்சான். அவ வளரட்டும். வளர்ந்து முடிச்ச அன்னைக்கு என்ன எடை இருக்காளோ அந்த எடைக்குக் கொடுக்கறேன்'னு அந்த வராண்டாவுலயே முழங்கால் போட்டேன். நீ இருப்பியான்னே தெரியாதப்போ சொன்னது. அப்புறம் உன்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா நீ பயந்துக்குவியோன்னு முதல்ல. அப்புறம் பழகிப்போச்சு."

அவள் ஒரு உளுந்துச் செடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வற்புறுத்தவில்லை. மனசுக்குள் மட்டும் முடிவு செய்துகொண்டேன். அவள் மாட்டேன் என்றால் போதகரிடம் போய், ஒரு உத்தேசமாக இரண்டு மூட்டை நெல்லைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சாயங்காலம் கோயிலில் பந்தல் போடுகிறார்கள் என்று எல்லாரும் பார்க்கப் போனோம். சின்னக் கோயில், மஞ்சள் சுண்ணாம்பு. வாசலில் ஒரு வாகை மரம். அதன் தாழ்ந்த கிளையில் தராசை அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தொங்கும் ஒரு நீள இரும்புச் சட்டம். ஒரு முனையில் சங்கிலி கட்டிய ஊஞ்சல் பலகை. மறு முனையில் அதேபோல் சங்கிலி கட்டிய அகலமான மரப்பெட்டி. அவ்வளவுதான்.

பெனிட்டா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கம்பெனியில் தரம் பார்க்கிற வேலைக்குப் போகிறவள் அல்லவா, கண் தானாகத் தேடும்.

"மாமா, இதுல நம்பர் எங்க வரும்?"

"என்னா நம்பரு?" என்றார் மச்சான்.

"எத்தனை கிலோன்னு."

"அது எதுக்கு? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியா நின்னாச் சரி. நீ எத்தனை கிலோன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? மத்தவனுக்கு எதுக்கு?"

அவள் பலகையைக் கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். அது ஆடிவிட்டு நின்றது. திரும்பி என்னிடம் வந்தாள்.

"உட்கார்றேன். ஆனா மூணு கண்டிஷன். யாரும் ஃபோன்ல வீடியோ எடுக்கக் கூடாது. அப்பறம் நெல்லை அளந்து கிலோ கணக்குப் போடக் கூடாது. ஆல்வின் நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாயே திறக்கக் கூடாது."

"சாப்பிடறதுக்குமா?" என்றான் ஆல்வின்.

ஞாயிற்றுக்கிழமை

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வாசல் ஒரு சந்தை மாதிரி இருந்தது. பூசணிக்காய், வாழைத்தார், இளநீர், கட்டிப்போட்ட சேவல், ஒரு ஆட்டுக்குட்டி. எல்லாம் அவரவர் கொண்டுவந்த காணிக்கை. ஆட்டுக்குட்டி ஒரு வாழைத்தாரைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. கொண்டுவந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அதில் சின்னத் தகராறு.

தராசில் முதலில் ஒரு நாலு மாதக் குழந்தையை வைத்தார்கள். பலகையில் கூடை, கூடைக்குள் குழந்தை. அது அலறிய அலறலில் வாகை மரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிட்டன. அதன் அப்பா இரண்டு முறை நெல் கொட்டினார், "போதும்" என்றார், முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்தது நாங்கள். போதகர் மைக்கில், "ஸ்டெல்லாவின் மகள் பெனிட்டா" என்று மட்டும் சொன்னார். மச்சான் முன்னமே போய்ச் சொல்லி வைத்திருந்திருக்கிறார். பெனிட்டா நேராக நடந்துபோய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். பலகை தரையில் போய் உட்கார்ந்தது. முகம் சிவந்திருந்தது. ஆனால் குனியவில்லை.

முதல் மரக்கால் நெல் நான் போட்டேன். அடுத்து ஸ்டெல்லா. அப்புறம் பார்த்தால் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது! அந்த ஊர்ப் பெண்கள், ஆண்கள், ஒவ்வொருவர் கையிலும் படியோ முறமோ. எல்லாம் மச்சான் கொண்டுவந்து குவித்த நெல்தான். ஆனால் அள்ளிப் போடுவது அவர்கள்.

"இவங்க எதுக்கு மச்சான்?" என்றேன்.

"இவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ சாயங்காலம் சாயங்காலம் கோயில்ல ஜெபம் பண்ணினவங்க. அவங்களுக்கும் இதுல பங்கு இருக்குல்ல?"

ஒரு அம்மா நெல்லைப் போட்டுவிட்டு பெனிட்டாவின் கன்னத்தைக் கிள்ளி, "எலிக்குஞ்சு மாதிரி இருந்தியாம்டி. உனக்காக முட்டி தேஞ்சது எனக்கு. இப்ப மாத்திரை போடுறேன்," என்றார். பெனிட்டா, "தேங்க்ஸ் ஆச்சி," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பெட்டி நிறைய நிறைய, பலகை மெல்லத் தரையை விட்டுக் கிளம்பியது. அவள் குதிகால் தூக்கியது, அப்புறம் விரல் நுனி. சட்டம் ஆடி ஆடி, ஒரு நிமிஷம் நேராக நின்றது. இரண்டு பக்கமும் சமம். நான் கண்ணை மூடி, "தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். ஆனால் வரிசையில் அடுத்தவர் வந்து நெல்லைக் கொட்டினார். அதற்கு அடுத்தவரும்.

மச்சான் என் காதருகே குனிந்தார். "மாப்பிள, பெத்தவங்க 'போதும்'னு சொல்லணும். சொன்னாத்தான் நிறுத்துவோம். அதுதான் வழக்கம். சொல்லுங்க."

சின்ன வார்த்தைதான். நாலு மாதக் குழந்தையின் அப்பா எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார்! எனக்கு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளே, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு ஒரு ஊரே நெல் கொட்டுகிறது. இதில் எந்த இடத்தில் நிறுத்தச் சொல்வது? பத்தாவது முடிக்கட்டும், பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று நான் தள்ளிப்போட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. வளர்ந்து முடிச்ச அன்னைக்கு என்று சொன்னேனே, அந்த நாள் எது என்று சொல்ல வேண்டியவன் நான்தான் என்பதை நான் யோசித்ததே இல்லை.

நெல் விழுந்துகொண்டே இருந்தது. பெட்டி தரையில் போய் உட்கார்ந்துவிட்டது. பெனிட்டா மேலே போய்விட்டாள். கால் இரண்டும் அந்தரத்தில். ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

"ஏம்ப்பா, பிள்ளையைப் பரலோகத்துக்கே அனுப்பப் போறியா?" என்றார் முட்டி தேய்ந்த அம்மா.

"தகப்பனார் இன்னும் சொல்லவில்லை," என்று போதகர் மைக்கில் அறிவித்தார். கூட்டம் சிரித்தது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, "சொல்லுங்களேன்," என்றாள். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. ஆல்வின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குதித்தான்.

மேலேயிருந்து பெனிட்டா கூப்பிட்டாள். சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, ஆனால் என்னை மட்டும் பார்த்து.

"அப்பா, போதும்பா. நான் வளந்துட்டேன்."

"போதும்," என்றேன்.

அது மைக்கில்கூட விழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மச்சான் கையைத் தூக்கினார். எல்லாரும் நிறுத்தினார்கள். அப்புறம் அவளைக் கீழே இறக்குவது பெரிய பாடாகிவிட்டது. பெட்டியிலிருந்து திடீரென்று நெல்லை எடுத்தால் தொப்பென்று விழுவாள் என்று இரண்டு பேர் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினார்கள். அந்த நெல் அந்த வருஷம் விளைச்சல் இல்லாத வீடுகளுக்குப் போகும் என்றார்கள்.

"ஒரு பிள்ளை எடைன்னுதான் பேச்சு," என்றார் மச்சான் காலி சாக்கைப் பார்த்துக்கொண்டு. "ஒன்றரைப் பிள்ளை எடைக்குப் போயிருக்கு."

மதியம் பந்தலில் எல்லாருக்கும் சாப்பாடு. இலையில் உட்கார்ந்ததும் ஆல்வின் தடையை மீறினான். "அப்பா, நான் பிறந்தப்போ என்ன பொருத்தனை பண்ணினீங்க?"

"உனக்கா? நீ மூணரைக் கிலோ. பிறந்து கத்தின கத்துல எங்களுக்கு எதுவும் தோணவே இல்லடா," என்றாள் ஸ்டெல்லா. அவன் கோபத்தில் இரண்டு தரம் பாயசம் வாங்கினான்.

சாயங்கால பஸ்ஸில் கிளம்பினோம். வந்தபோது நின்ற கதிரில் பாதி போகும்போது இல்லை. பச்சை உளுந்து வெளியே தெரிந்தது. எங்கள் அம்பத்தூரில் எதை வாங்கினாலும் எடை மெஷின் நம்பர் காட்டும், கடைக்காரர் பையை நீட்டுவார், வந்துவிடுவோம். எவ்வளவு போதும் என்று நம்மை யாரும் கேட்பதில்லை. அந்தக் கோயில் வாசலில் என்னைக் கேட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெனிட்டா கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தாள். நெல்லின் சுணை பட்டால் குளித்தாலும் போகாதாம். மன்னார்குடி வரும்போது மெல்லக் கேட்டாள்.

"அப்பா, புனேக்கு நீங்களும் டிக்கெட் போட்டிருக்கீங்கல்ல?"

போட்டிருந்தேன். கூடவே போய், தங்குகிற ஹாஸ்டலைப் பார்த்து, பக்கத்தில் நம்ம சர்ச் இருக்கிறதா, கடை இருக்கிறதா என்று விசாரித்து, நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று.

"நான் தனியாப் போய்க்கட்டுமாப்பா?"

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது.

"சரிம்மா," என்றேன். இந்த முறை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.